உன் தங்கை என்னிடம் சொன்னாள்

"வலி ஒரே இடத்துல இருந்ததாம்மா, இல்ல இடம் மாறி மாறி வந்ததா?"

மதுரையில் ஒரு டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வி இது. உன் தங்கை பூங்கொடியின் மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, அதைக் காதிலிருந்து கழற்றாமலே என் பக்கம் திரும்பிக் கேட்டார். அறைக்கு உள்ளே நானும் உன் அப்பாவும் இருந்தோம். நீ ஹாஸ்டலிலிருந்து ஓடி வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். கதவு சாத்தியிருந்தது. உள்ளே நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. பிறகு நாங்கள் சொன்னதைத்தான் நீ நம்பினாய், இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாய். தம்பி, நாங்கள் சொன்னது பொய். அதைச் சொல்லத்தான் இத்தனை தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்லண்டு லெட்டரில் இது அடங்காது.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து உன் கடிதம் வந்தது. சிரிக்க வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். "உன் பேத்தி பெரிய நடிகையா வருவா போலிருக்கும்மா. ஸ்கூல் ரிக்‌ஷா வர்ற நேரத்துக்கு டாண்ணு வயித்த வலிக்குது. உன் பழைய வித்தையைப் போட்டேன். எந்தப் பக்கம்னு கேட்டேன், இந்தப் பக்கம்னா. யூனிபார்ம் போட்டுவிட்டுத் திரும்பக் கேட்டேன், அந்தப் பக்கம்னா! டீச்சர் மகன்னா கொக்கா?" என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. நித்யா எதையும் மறைக்காமல் சொல்லப் பழக வேண்டும், பூங்கொடி வலியைச் சொல்லாமல் மறைத்தே உயிரை விட்டாள் என்பதை மருமகளிடம் அடிக்கடி சொல்வதாக எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரியைப் படித்த பிறகு கடிதத்தை மடித்து அரிசி டின்னின் மேல் வைத்துவிட்டு, அன்று முழுவதும் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

அந்த வித்தை என்னுடையதுதான். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு இருந்தவளுக்குச் சில வித்தைகள் தானாகவே வந்துவிடும். கணக்குப் பரீட்சை அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளையிடம் "எந்தப் பக்கம்யா வலிக்குது?" என்று அக்கறையாகக் கேட்பேன். ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டுவான். சரி, உட்கார் என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடம் வேறு பாடம் நடத்துவேன். பிறகு போகிற போக்கில், "இப்ப எந்தப் பக்கம்?" என்பேன். பாதிப் பேர் கையைத் தவறான பக்கத்தில் வைத்துவிடுவார்கள். வகுப்பே சிரிக்கும். மாட்டிக்கொண்டவனும் சிரித்துவிட்டுச் சிலேட்டை எடுப்பான். மற்ற ஆசிரியைகள் இதை என்னிடம் கற்றுக்கொண்டார்கள். "பெரிய டீச்சரிடம் அனுப்பட்டுமா?" என்று கேட்டாலே வயிற்று வலி நின்றுவிடும் என்று தலைமையாசிரியை என்னைக் காட்டிச் சொல்வார். எனக்கு அது பெருமையாக இருந்தது. நீயே ஒரு முறை மாட்டியிருக்கிறாய். வலது கடைவாயில் பல் வலி, பள்ளிக்கூடம் போக முடியாது என்று அழுதுவிட்டு, வெல்லக்கட்டியை வலது கடைவாயிலேயே போட்டு மென்றுகொண்டிருந்தாய்.

நீ மதுரையில் பி.யூ.சி. சேர்ந்த வருடம் காலாண்டு லீவுக்கு நானும் பூங்கொடியும் மலைக்குப் போனோம். குரங்கணிவரை ஜீப்பு, அதற்கு மேல் நடை. உனக்கு அந்தப் பாதை தெரியும். மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் அப்பா மாதக்கணக்கில் கீழே இறங்க மாட்டார், நாங்கள் போனால்தான் பார்க்க முடியும். ஒரு வாரமும் மழை விடவில்லை. பூங்கொடி ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள், ஓரிடத்தில் நிற்க மாட்டாள். காய் எடுக்கிற பெண்களோடு ஏலச் செடிகளுக்குள்ளேயே கிடந்தாள், காலில் ஏறிய அட்டைகளை எண்ணி எண்ணி என்னிடம் வந்து சொன்னாள். மூன்றாம் நாள் அவளுக்குத் தொண்டை கட்டி, எச்சில் விழுங்க முடியாமல் போனது. காய் எடுக்கிறவர்களில் காளியம்மா என்று ஒருத்தி இருந்தாளே, பல் எடுப்பாக, சத்தமாகப் பேசுவாளே, அவள்தான் மிளகும் துளசியும் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். இரண்டு நாளில் சரியானது. மலைக் குளிர் என்று நினைத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

இறங்கி வந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு காலையில் தலை பின்னிவிடும்போது, "அம்மா, இடது முழங்கால் வலிக்குது" என்றாள். நம் ஊரில் மலை ஏறி இறங்கினவர்களுக்குக் கால் வலிப்பது புதிதா? அப்பா இறங்கி வந்தால் இரண்டு நாள் வெந்நீர் ஒத்தடம் கேட்பார். "மலையேறுன வலிடி, தானாப் போயிரும்" என்று சொல்லி நல்லெண்ணெயைச் சூடு காட்டித் தேய்த்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து எப்படி வரும் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வலது கணுக்கால் வலிக்கிறது என்றாள். "முழங்கால் என்னாச்சு?" என்று கேட்டேன். "அது சரியாப் போச்சும்மா." அதற்கு அடுத்த நாள் கை மணிக்கட்டு. அன்றைக்குக் கணக்குப் பரீட்சை இருந்தது. நான் நடத்தும் கணக்கு. தம்பி, என் மண்டைக்குள் அந்த நொடியில் என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும். சிரித்தேன். "ஏன்டி, பொய் சொன்னாலும் ஒரே இடத்துல நிறுத்திச் சொல்லணும்டி. வெரசாக் கெளம்பு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பையை மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிட நடை. நான் முன்னே போனேன், அவள் பின்னால் வந்தாள். இரண்டு முறை திரும்பி, "வெரசா வா" என்று அதட்டினேன்.

அன்று வகுப்பில் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம்கூட. அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது, இனி சொல்லவும் முடியாது. பரீட்சை ஆரம்பித்ததும் பூங்கொடி பென்சிலை வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். டீச்சர் மகளுக்கு மட்டும் தனிச் சட்டமா என்று எவரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வெறி உண்டு. அவளை எழுப்பி முன்னால் வரச் சொன்னேன். "எந்தக் கை வலிக்குது?" என்றேன். வலது கையைக் காட்டினாள். கரும்பலகை ஓரம் நிற்க வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இப்ப எங்க வலிக்குது?" என்றேன். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "இப்ப முழங்கால் வலிக்குது டீச்சர்" என்றாள். வகுப்பில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணி அடிக்கும்வரை அவளை அங்கேயே நிற்க வைத்தேன். அவள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காளியம்மா சந்தைக்கு இறங்கியவள், அப்பா கொடுத்தனுப்பிய பையோடு நம் வீட்டுக்கு வந்தாள். பூங்கொடி கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். காபியைக் குடித்துக்கொண்டே காளியம்மா அவளைப் பார்த்தபடி இருந்தாள்.

"டீச்சரம்மா, ஆத்தா காலை இழுத்து நடக்குதே, என்னான்னு பாத்தீகளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல காளியம்மா. பள்ளிக்கூடம் போகக் கள்ளம். நாளுக்கு ஒரு எடத்துல வலிங்கிறா."

"கள்ளம்னா நீங்க பாக்கையில நொண்டும். இது நீங்க உள்ள போனப்பறம்ல நொண்டுது. நீங்க வந்து நின்னா நேரா நடக்குது."

"நீ பிள்ளைகளப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா? எத்தனை வருசமா நான் இதே சோலி பாக்குறேன்?"

"அய்யய்ய, நான் யாரு ஒங்களுக்குச் சொல்ல? எனக்குக் காய் பாக்கத்தேன் தெரியும், பிள்ளையா பாக்கத் தெரியும்?" என்று சிரித்துக்கொண்டே டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். கொல்லைப்பக்கம் நின்று பூங்கொடியிடம் என்னவோ சொன்னாள். பூங்கொடி அவள் தோளில் சாய்ந்துகொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளையை யாரோ வந்து கெடுத்துவிட்டுப் போகிறார்கள் என்ற கோபம். நித்யாவைப் பற்றி மருமகள் ஏதாவது சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், ரிக்‌ஷாக்காரரே சொன்னாலும் கேள், தம்பி. நம் பிள்ளையை நம்மைவிட இன்னொருவர் சரியாகப் பார்த்துவிடும் நாட்கள் உண்டு. காளியம்மா ஒரு பார்வையில் கண்டதை, கூடவே இருந்த நான் பத்து நாளாகக் காணவில்லை.

அதற்கு நான்காம் நாள் காலையில் அவள் தலைவாரக்கூட உட்கார முடியாமல் படபடவென்று மூச்சு வாங்கினாள். உடம்பு கொதித்தது. நம்மூர் டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சீட்டு எழுதி, "அடுத்த ரயிலுக்கே மதுரைக்குக் கொண்டு போங்க" என்றார். அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன், அவர் மலையிலிருந்து ஈரவேட்டியோடு இறங்கி வந்தார். பாசஞ்சர் வண்டியில் பூங்கொடி என் மடியில் படுத்துக்கொண்டு வந்தாள். தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தாள், அவளுக்கு எதையாவது எண்ண வேண்டும்.

இனி அந்த அறைக்குள் நடந்தது. வலி ஒரே இடத்தில் இருந்ததா, இடம் மாறி வந்ததா என்று டாக்டர் கேட்டபோது, எனக்கு அந்தக் கேள்வியின் பொருள் சட்டென்று புரிந்துவிட்டது. இடம் மாறுவதில் ஏதோ இருக்கிறது, இல்லாவிட்டால் கேட்க மாட்டார். கரும்பலகை ஓரம் அவள் நின்றது கண்முன்னால் வந்தது. பக்கத்தில் அப்பா நிற்கிறார். நான் சொன்னேன்: "ஒரே இடந்தான் டாக்டர். முழங்கால்தான்." அத்தனை வருடம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவள், என் பிள்ளையின் உயிரைப் பார்க்க உட்கார்ந்திருக்கிற மனிதரிடம், கண் இமைக்காமல் பொய் சொன்னேன். டாக்டர் குழம்பிப்போய்ச் சீட்டைத் திரும்பப் பார்த்தார்.

படுத்திருந்த பூங்கொடி தலையைத் தூக்கினாள். "இல்ல டாக்டர், மாறி மாறித்தான் வந்துச்சு. முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு. எல்லாம் மாறி மாறி வந்துச்சு." பிறகு என்னைப் பார்த்தாள். "நான் அம்மாட்ட சொல்லல."

பன்னிரண்டு வயது, தம்பி. அவள் தனக்குத் தேவையான உண்மையையும் சொல்லி, எனக்குத் தேவையான பொய்யையும் சொல்லிவிட்டாள். டாக்டருக்கு முகம் தெளிந்தது. "அதான், அதேதான். இப்படி மூட்டு மூட்டா மாறி வர்றதுதான் இந்தக் காய்ச்சலோட அடையாளம்" என்றார். தொண்டைப் புண்ணில் ஆரம்பித்து, மூட்டுகளைத் தொட்டுவிட்டு, இருதயத்தில் போய் உட்காரும் காய்ச்சல் என்று விளக்கினார். எதை வைத்து அவளைப் பொய்க்காரி என்று முடிவு கட்டினேனோ, அதுவேதான் நோயின் அடையாளம். அப்பா பாவம், பயத்தில் அவளைத்தான் அதட்டினார். "ஏத்தா, வாயில்லையா ஒனக்கு? வலிக்குதுன்னு ஒரு வார்த்தை அம்மாட்ட சொல்றதுக்கென்ன?" அவள் "தப்புத்தாம்ப்பா" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். கதவு திறந்தது, நீ எழுந்து வந்தாய். அப்பா உன்னிடம், "பிள்ளை சொல்லாமயே விட்டுட்டாப்பா" என்றார். அன்றிலிருந்து அதுதான் நம் குடும்பத்துக் கதை. ராசிங்காபுரத்து அத்தை முதல் உன் மாமனார் வீடு வரைக்கும் அந்தக் கதைதான் போய்ச் சேர்ந்தது. இறந்துபோன பெண் தன் மேல் போட்டுக்கொண்ட பழியை நாம் இன்னும் அவள் மேலிருந்து எடுக்கவில்லை. அவள் சொன்னாள். மூன்று முறை வீட்டில் சொன்னாள், ஒரு முறை நாற்பது பேர் முன்னால் சொன்னாள். இதை மருமகளிடம் சொல். நித்யா பெரியவளானதும் அவளிடமும் சொல்.

அதற்குப் பிறகு நான் நல்ல தாயாக இருந்தேன் என்று ஊரே சொன்னது. அந்தக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி. ஒரு ஊசியைக்கூடத் தவறவிடவில்லை. காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைப்பேன். ஊசி போட்டுவிட்டு இருவரும் மெதுவாக நடந்து வருவோம். அவள் கேலிக்காரி அல்லவா, ஒரு நாள் இடுப்பைத் தடவிக்கொண்டே, "டீச்சர், எந்தப் பக்கம் ஊசி போட்டாங்கன்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள். நான் முன்னே நடந்தேன். "இப்ப எடது. பத்து நிமிசம் கழிச்சுக் கேட்டீங்கன்னா வலதுன்னு சொல்லுவேன், அப்பறம் நிக்க வெச்சுருவீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் பயந்துபோய், "சும்மாச் சொன்னேம்மா, சும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவளே வழி செய்து கொடுத்த மாதிரிதான் இருந்தது. "பாத்து நட, கல்லு கெடக்கு" என்றுதான் என் வாயில் வந்தது. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது அவ்வளவு கஷ்டமான காரியமா என்று இன்று தோன்றுகிறது. அன்று கஷ்டமாகத்தான் இருந்தது. அதன் பிறகு அவள் அந்தக் கேலியைச் செய்யவே இல்லை.

எனக்கு ரொம்ப நாள் புரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அவளைக் கொன்றது அந்த முதல் பத்து நாள் என்றுதான் வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். முழுவதும் அப்படி இல்லை. சீக்கிரம் கொண்டு வந்திருந்தாலும் இருதய வால்வு கெட்டிருக்கலாம், யாராலும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டரே பிறகு ஒரு முறை சொன்னார். அவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னாரோ என்னவோ. ஆனால் அந்தக் கரும்பலகை ஓரம் அவளிடமிருந்து வேறொன்று போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் எனக்கு எந்த வலியையும் சொல்லவில்லை. "எப்படிம்மா இருக்கு?" என்று தினமும் கேட்பேன். "நல்லாருக்கேம்மா" என்பாள். தினமும் அதே பதில். நான் அதை நம்பினேன். நம்ப வேண்டிய நாளில் நம்பாதவள், நம்பக் கூடாத நாட்களில் நம்பினேன்.

கடைசி வருடம் அவளுக்குப் பதினெட்டு. நீ வேலை கிடைத்து வெளியூரில் இருந்தாய். இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்து தூங்க ஆரம்பித்தாள். கேட்டால், புத்தகம் படிக்க வசதியாக இருக்கிறது என்றாள். கொலுசைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். கேட்டால், இப்போதெல்லாம் யாரும்மா கொலுசு போடுகிறார்கள் என்றாள். பாதம் வீங்கியிருந்ததைப் பாவாடையால் மூடிக்கொண்டாள். ஒரு நாள் மிளகாய் காயப்போட மாடிக்குப் போனவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூங்கில் தட்டு சரிந்து மிளகாய் எல்லாம் படி படியாகக் கொட்டிக்கிடந்தது. உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "கால் தடுக்கிருச்சும்மா" என்றாள்.

மறுபடியும் மதுரை. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் மெட்ராசுக்கு அனுப்பி ஆபரேஷன் செய்திருக்கலாம், இப்போது முதலில் நுரையீரலில் இருக்கும் நீர் வடிய வேண்டும் என்றார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஏன் கண்ணு, இத்தனை நாளா மூச்சு முட்டியிருக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. அவளும் கோபமாகப் பதில் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

"சொல்ற பழக்கம் விட்டுப்போச்சும்மா."

மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டாள். நீ மத்தியானம்தான் வந்து சேர்ந்தாய். என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஒனக்கு ஒண்ணுமே தெரியலையாம்மா? அவ ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டாய். "சொல்லலப்பா" என்றேன். அந்த வருடத்தைப் பொறுத்தவரை அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீயோ தங்கை மேல் கோபப்பட்டு அழுதாய். "லூசு, லூசு" என்று அவள் கையை அடித்தாய். அந்த அடி என் மேல் விழுந்திருக்க வேண்டும். அதையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

நித்யாவுக்கு ஒன்றும் இருக்காது. அப்படித்தான் நினைக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காலையில் வயிறு வலிப்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு, முக்கால்வாசி சின்னக் காரணங்கள். ஆனாலும் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடு. அதற்கு மேல் உன்னிடம் நான் கேட்பது வேறு. வலி பொய்யாகவே இருக்கட்டும். என்னிடம் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், சிலமலையிலிருந்து வருவான். தினமும் பதினோரு மணிக்கு வயிற்று வலி. என் வித்தையில் தினமும் தோற்பான், தினமும் வகுப்பு சிரிக்கும். வருடக் கடைசியில்தான் தெரிந்தது, வீட்டில் எல்லோரும் விடியுமுன்பே காட்டு வேலைக்குப் போய்விடுவார்களாம், அவன் காலையில் ஒன்றும் சாப்பிடாமலே வருவானாம். பசி என்று சொல்ல வெட்கம், அதனால் வலி என்று சொல்லியிருக்கிறான். பசிக்கு எந்தப் பக்கம் என்று காட்டுவான்? நித்யாவுக்கு ரிக்‌ஷாவில் யாராவது பெரிய பிள்ளை கிள்ளலாம். பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குப் போகப் பயமாக இருக்கலாம். டீச்சர் என்னைப் போல ஒருத்தியாக இருக்கலாம். சொல்லத் தெரியாத பிள்ளை வயிற்றைத்தான் காட்டும். நீ அவளை மாட்டிவிட்டு ஜெயித்தால், அவள் அந்த வயிற்றையும் காட்டாமல் இருக்கக் கற்றுக்கொள்வாள். பிள்ளைகள் அதை ரொம்ப வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள், தம்பி. நாம் கற்றுக்கொடுக்கிறோம் என்று நமக்கே தெரியாமல் கற்றுக்கொள்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு என் மேல் கோபப்பட உனக்கு உரிமை உண்டு. பதில் எழுதாமல் இருந்தாலும் புரிந்துகொள்வேன். பொங்கலுக்கு வராமல் இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். கோபத்தை என்னோடு வைத்துக்கொள், உன் தங்கையோடு இத்தனை வருடம் வைத்திருந்ததை மட்டும் இன்றோடு விட்டுவிடு.

அதோடு ஒரு காரியம் செய்து பார். இதைப் படித்த மறுநாள் காலையில் அரை நாள் லீவு சொல்லிவிடு. நித்யா வயிறு வலிக்கிறது என்று சொன்னதும், ஒரு கேள்வியும் கேட்காமல், "சரி கண்ணு, இன்னிக்குப் போக வேண்டாம்" என்று ரிக்‌ஷாவைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவளாகப் பேசும்வரை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திரு.